ஒரே நுழைவு, இரண்டு உரிமங்கள்: மதுரை மாணவர் முன் உள்ள மருத்துவப் படிப்புகள்

மதுரை பனகல் சாலையில் அரசு இராஜாஜி மருத்துவமனை இருக்கிறது. அதைச் சார்ந்து மதுரை மருத்துவக் கல்லூரி. அங்கிருந்து தெற்கே சுமார் 20 கிலோமீட்டர் போனால் திருமங்கலம். தமிழ்நாட்டின் ஒரே அரசு ஹோமியோபதி மருத்துவக் கல்லூரி 1975 முதல் அங்கே நடக்கிறது. இரண்டும் அரசுக் கல்லூரிகள். இரண்டிலும் நாலரை ஆண்டுப் படிப்பு, அதன்பின் ஓராண்டு உள்ளுறைப் பயிற்சி. இரண்டிலும் சேர நீட் எழுத வேண்டும். பட்டம் தருவதும் சென்னை கிண்டியில் உள்ள ஒரே பல்கலைக்கழகம்தான்: தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம். இரு கல்லூரிப் பட்டதாரிகளும் பெயருக்கு முன்னால் 'டாக்டர்' என்று எழுதிக்கொள்கிறார்கள். ஆனால் நள்ளிரவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒருவர் வந்து நின்றால் இருவரும் செய்யக்கூடியது ஒன்றல்ல. ஒருவருக்குச் சட்டம் தந்திருக்கும் அதிகாரம் மற்றவருக்கு இல்லை.

எந்த மருத்துவம் படிப்பது என்பதைப் பதினெட்டு வயதில் மாணவர் தேர்ந்தெடுப்பதாகச் சொல்கிறோம். பெரும்பாலும் தரவரிசைப் பட்டியல்தான் தேர்ந்தெடுக்கிறது. எம்.பி.பி.எஸ். கிடைக்காதவர் பல் மருத்துவத்தையும், அதுவும் கிடைக்காதவர் சித்தாவையோ ஹோமியோபதியையோ பார்க்கிறார். வெவ்வேறு மருத்துவ முறைகளைச் சேர்க்கையின்போது ஒரே ஏணியின் மேல்படி, கீழ்படி என்று வைத்துவிட்டு, படிப்பு முடிந்ததும் அவற்றுக்கு நடுவே மதில் எழுப்பியிருக்கிறோம். இந்த முரண் எப்படி வந்தது, வேறு இடங்களில் இதே சிக்கல் எப்படித் தீர்ந்தது, இன்று விண்ணப்பம் போடும் மாணவருக்கு இதனால் என்ன விளைகிறது என்பவற்றை இக்கட்டுரை பார்க்கிறது.

மிசௌரியில் கிளம்பிய இன்னொரு வழி

ஒப்பிட்டுப் பார்க்க அமெரிக்காவை எடுத்துக்கொள்ளலாம். அங்கே டாக்டராக விரும்புபவர் முன் இரண்டு அடிப்படைப் பட்டங்கள் உள்ளன. ஒன்று எம்.டி. நம் ஊரில் இது மேற்படிப்பு. அங்கே இதுவே முதல் மருத்துவப் பட்டம். மற்றொன்று டி.ஓ., அதாவது ஆஸ்டியோபதி மருத்துவப் பட்டம்.

ஆஸ்டியோபதியைத் தொடங்கியவர் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில். 1864இல் மூளை, தண்டுவட உறை அழற்சியில் அவருடைய மூன்று குழந்தைகள் இறந்தார்கள். அக்காலத்து மருந்துகள் ஒன்றும் செய்யவில்லை. பல மருந்துகள் கேடும் செய்தன. உடலின் எலும்பு, தசை அமைப்பு சீராக இருந்தால் உடல் தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும் என்ற முடிவுக்கு அவர் வந்தார். கைகளால் முதுகெலும்பையும் மூட்டுகளையும் இயக்கிச் சரிப்படுத்தும் சிகிச்சையை வளர்த்து, 1892இல் மிசௌரி மாநிலத்தின் கிர்க்ஸ்வில் ஊரில் கல்லூரி தொடங்கினார். முதல் வகுப்பிலேயே பெண்களும் இருந்தார்கள்.

அதற்குப் பிந்தைய எழுபது ஆண்டுகளில் இந்தப் படிப்பு அடியோடு மாறியது. 1910இல் ஆபிரகாம் ஃபிளெக்ஸ்னர் அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளை ஆய்ந்து வெளியிட்ட அறிக்கை, ஆஸ்டியோபதிக் கல்லூரிகளையும் கடுமையாகச் சாடியது. அவை ஆய்வகங்களைக் கட்டின. சேர்க்கைத் தகுதியை உயர்த்தின. ஸ்டில் ஒதுக்கிய மருந்தியலும் பாடத்திட்டத்துக்குள் வந்தது. மற்ற மருத்துவமனைகள் கதவைச் சாத்தியபோது டி.ஓ.க்கள் தங்களுக்கென மருத்துவமனைகளைக் கட்டிக்கொண்டார்கள். இரண்டாம் உலகப் போரில் ராணுவம் அவர்களை மருத்துவ அதிகாரிகளாக எடுக்கவில்லை. எம்.டி. மருத்துவர்கள் போர்முனைக்குப் போக, ஊரில் தங்கிய டி.ஓ.க்களிடம் நோயாளிகள் வந்தார்கள். வந்தவர்களில் பலர் பிறகும் அவர்களிடமே நின்றுவிட்டார்கள்.

1962இல் கலிஃபோர்னியாவில் ஒரு விசித்திரம் நடந்தது. அங்கிருந்த ஆஸ்டியோபதிக் கல்லூரி எம்.டி. கல்லூரியாக மாற்றப்பட்டது. சுமார் 2,000 டி.ஓ. மருத்துவர்கள் 65 டாலர் கட்டணம் கட்டி எம்.டி. பட்டம் வாங்கிக்கொண்டார்கள். எதிர்த்தரப்பைக் கரைத்துவிடும் நோக்கில் செய்யப்பட்ட ஏற்பாடு இது. விளைவு வேறாக இருந்தது: 65 டாலரில் மாற்றிக்கொள்ளக்கூடிய அளவுக்கு இரு படிப்புகளும் நெருங்கிவிட்டன என்பதற்கு அதுவே சாட்சியாகிவிட்டது. 1966இல் அமெரிக்க ராணுவம் டி.ஓ.க்களை மருத்துவ அதிகாரிகளாக ஏற்றது. 2020இல் இரு பட்டதாரிகளின் மேற்பயிற்சி இடங்களும் ஒரே அங்கீகார அமைப்பின் கீழ் வந்தன. இன்று அமெரிக்க மருத்துவ மாணவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் டி.ஓ. கல்லூரியில் படிக்கிறார். மருந்து எழுதுவதிலும் அறுவை செய்வதிலும் இருவருக்கும் ஒரே உரிமை. கைச் சிகிச்சைக்கென டி.ஓ. மாணவர் கூடுதலாகச் சுமார் 200 மணி நேரம் படிக்கிறார். பாடத்தில் எஞ்சியிருக்கும் பெரிய வேறுபாடு அதுதான்.

பிரிட்டனில் நடந்தது வேறு. அங்கே 1993ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ஆஸ்டியோபதி தனித் தொழில். அதைப் படித்தவர் கைச் சிகிச்சை செய்யலாம். மருத்துவர் என்ற உரிமம் அவருக்கு இல்லை. ஒரே ஸ்டில், ஒரே கொள்கை. ஒரு நாட்டில் முழு மருத்துவர், இன்னொரு நாட்டில் துணைச் சிகிச்சையாளர். பட்டத்தின் மதிப்பைக் கொள்கை தீர்மானிக்கவில்லை. எந்தத் தேர்வில் தேறினார், எந்த மருத்துவமனையில் பயின்றார், எந்தச் சட்டத்தின் கீழ் பதிவு செய்தார் என்பவையே தீர்மானித்தன.

கீழ்ப்பாக்கத்தில் கலைந்த கூட்டு

இரு மருத்துவங்களையும் ஒரே கூரையின் கீழ் கற்பிக்கும் முயற்சி தமிழ்நாட்டிலும் நடந்தது. 1918இல் சென்னை மாகாண அரசு நாட்டு மருந்துகளை ஆராயும் பொறுப்பை டாக்டர் கோமனிடம் ஒப்படைத்தது. அவருடைய அறிக்கை வைத்தியர்களுக்கு நிறைவு தரவில்லை. அடுத்து முகமது உஸ்மான் தலைமையில் 1921இல் குழு அமைந்தது, கேப்டன் ஜி. சீனிவாசமூர்த்தி அதன் செயலர். சித்த, ஆயுர்வேத, யுனானி வைத்தியர்களிடம் எழுத்து மூலமாகவும் நேரிலும் கருத்துக் கேட்டு, 1923இல் குழு அறிக்கை தந்தது. அதன் பயனாகச் சென்னையில் அரசு இந்திய மருத்துவப் பள்ளி 1925இல் பாடம் தொடங்கியது. சீனிவாசமூர்த்தியே அதன் முதல் தலைவர். அவர் மேலை மருத்துவம் படித்தவர். நம் மருத்துவத்தின் தத்துவத்திலும் தோய்ந்தவர். உடற்கூறும் அறுவையும் நாடியும் குணபாடமும் அங்கே சேர்த்தே கற்பிக்கப்பட்டன.

1947இல் அந்தப் பள்ளி கல்லூரியானது. ஒருங்கிணைந்த மருத்துவப் பட்டதாரிகள் அங்கிருந்து வெளிவந்தார்கள். ஆனால் இந்தக் கூட்டை இருபுறத்திலிருந்தும் இழுத்தார்கள். மரபு வைத்தியத்தின் தூய்மையைக் காக்க விரும்பியவர்கள், மாணவர்கள் ஸ்டெதஸ்கோப்பையும் ஊசியையும்தான் கற்றுக்கொண்டு போகிறார்கள், ஓலைச்சுவடியை யாரும் தொடவில்லை என்றார்கள். மாணவர்களோ தங்களுக்கு எம்.பி.பி.எஸ். பட்டதாரிக்கு நிகரான ஊதியமும் உரிமையும் வேண்டும் என்றார்கள். 1950களில் இந்தியாவின் பல ஒருங்கிணைந்த கல்லூரிகளில் இதே கோரிக்கைக்காக வேலைநிறுத்தங்கள் நடந்தன. மத்தியில் வழிகாட்டிய அறிக்கைகளும் ஒரே குரலில் பேசவில்லை. 1946இன் போர் (Bhore) குழு நவீன மருத்துவத்தைச் சுகாதார அமைப்பின் முதுகெலும்பாக வைத்து, நாட்டு மருத்துவத்தின் இடத்தை மாகாணங்களிடம் விட்டது. 1948இன் சோப்ரா குழு இரண்டையும் இணைக்கச் சொன்னது.

1960இல் சென்னையின் ஒருங்கிணைந்த கல்லூரி கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரியாக, முழு நவீன மருத்துவக் கல்லூரியாக மாறியது. நான்கு ஆண்டுகள் கழித்து, 1964இல், பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி தனியே தொடங்கப்பட்டது. கலிஃபோர்னியக் கல்லூரி 1962இல் போன வழியில் கீழ்ப்பாக்கம் இரண்டு ஆண்டுகள் முன்னதாகவே போயிருந்தது. ஆனால் அமெரிக்காவில் மற்ற மாநிலங்களின் டி.ஓ. கல்லூரிகள் முழு மருத்துவப் பாடத்தையும் முழு உரிமத்தையும் நோக்கி நகர்ந்தன. இங்கே பிரிந்து நின்ற சித்த மருத்துவம் தனிப் பாடத்திட்டம், தனி மன்றம், தனிப் பதிவேடு என்ற திசையில் போனது. இந்திய மருத்துவத்துக்கு 1970லும் ஹோமியோபதிக்கு 1973லும் நாடாளுமன்றம் தனித்தனிச் சட்டங்கள் இயற்றியது. இன்று தேசிய மருத்துவ ஆணையம் 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி இயங்குகிறது. இந்திய மருத்துவ முறைக்கும் ஹோமியோபதிக்கும் 2020ஆம் ஆண்டின் இரு சட்டங்கள் தனி ஆணையங்களைத் தந்தன. மதில் நூறாண்டுப் பழையதல்ல. பெரும்பகுதி 1960க்குப் பிறகு கட்டியது.

மதுரைச் சமவெளியில் என்ன இருக்கிறது

இராஜாஜி மருத்துவமனையின் பழைய பெயர் எர்ஸ்கின் மருத்துவமனை. 1934 முதல் 1940 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த எர்ஸ்கின் பிரபுவின் பெயர் அது. ஊர்மக்களுக்கு எப்போதும் அது 'பெரியாஸ்பத்திரி'தான். அதை நம்பி 1954இல் மதுரை மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது. இன்றைய தமிழ்நாட்டு எல்லைக்குள் சென்னைக்கு வெளியே அமைந்த முதல் அரசு மருத்துவக் கல்லூரி இது. இப்போது ஆண்டுக்கு 250 பேர் எம்.பி.பி.எஸ். சேர்கிறார்கள். திண்டுக்கல், தேனி, விருதுநகர், சிவகங்கை, ராமநாதபுரம் என்று சுற்றியுள்ள மாவட்டங்கள் எல்லாம் தங்களால் முடியாத நோயாளியை இங்கேதான் அனுப்பின. அந்த மாவட்டங்களிலும் பின்னர் கல்லூரிகள் வந்தன: தேனியில் 2004, சிவகங்கையில் 2012, விருதுநகர், திண்டுக்கல், ராமநாதபுரத்தில் 2022 ஜனவரியில் ஒரே நாளில் திறக்கப்பட்ட பதினொன்றில் மூன்று. மதுரைக்கு அருகே தோப்பூரில் எய்ம்ஸுக்கு 2019 ஜனவரியில் அடிக்கல் நாட்டினார்கள். அதன் மாணவர்கள் 2022 முதல் ராமநாதபுரம் மருத்துவக் கல்லூரியில் படிக்கத் தொடங்கினார்கள்.

மாணவருக்கு இந்தப் பட்டியலில் கவனிக்க வேண்டியது நோயாளிக் கூட்டம். மருத்துவம் படுக்கையருகில் கற்கும் தொழில். சாலை விபத்து, பாம்புக்கடி, பூச்சிமருந்து குடித்தவர், சிக்கலான பிரசவம் என்று இரவும் பகலும் வந்துகொண்டே இருக்கும் ஓரிடத்தில் ஹவுஸ் சர்ஜனாக ஓராண்டு நிற்பவர் கற்பதை எந்தப் பாடநூலும் தராது. கோவிந்தப்பா வெங்கடசாமி மதுரை மருத்துவக் கல்லூரியின் கண் மருத்துவத் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்றபின் 1976இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். ஆயிரக்கணக்கில் கண்புரை நோயாளிகளைப் பார்த்த அரசுப் பணி அனுபவமும், ஊர்தோறும் நடத்திய கண் முகாம்களும் அதன் அடித்தளம்.

மாற்று முறைகளுக்கு வந்தால், திருமங்கலம் ஹோமியோபதிக் கல்லூரியில் ஆண்டுக்கு 50 இடங்கள். அரசு சித்த மருத்துவக் கல்லூரி மதுரையில் இல்லை. சித்தா படிக்க விரும்பும் மதுரை மாணவர் 100 இடங்கள் கொண்ட பாளையங்கோட்டைக்கோ, 60 இடங்கள் கொண்ட சென்னை அரும்பாக்கத்துக்கோ போக வேண்டும். யோகா, இயற்கை மருத்துவப் படிப்புக்கும் அரும்பாக்கத்தில் அரசுக் கல்லூரி உண்டு. அதற்கு நீட் தேவையில்லை, பிளஸ் டூ மதிப்பெண் போதும். தமிழ் மண்ணின் மருத்துவம் என்று மேடைதோறும் பேசப்படும் சித்தாவுக்குச் சங்கம் வளர்த்த ஊரில் அரசுக் கல்லூரி இல்லாமல், ஜெர்மனியில் பிறந்த ஹோமியோபதிக்கு இருப்பது விந்தைதான்.

தரவரிசை செய்யும் தேர்வு

நீட்டின் 180 கேள்விகள் இயற்பியல், வேதியியல், உயிரியல் பாடங்களிலிருந்து வருகின்றன. தமிழ்நாட்டில் எம்.பி.பி.எஸ்., பி.டி.எஸ். கலந்தாய்வை மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழு நடத்துகிறது. சித்தா, ஆயுர்வேதம், யுனானி, ஹோமியோபதிக்கு இந்திய மருத்துவம், ஹோமியோபதித் துறை தனி விண்ணப்பம் வாங்கித் தனிப் பட்டியல் போடுகிறது. மதிப்பெண் ஒன்றுதான், வரிசையில் எம்.பி.பி.எஸ். முன்னால் வருகிறது. 2020இல் தமிழ்நாடு இயற்றிய 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீட்டுச் சட்டம் எம்.பி.பி.எஸ்., பி.டி.எஸ். இடங்களோடு இந்திய மருத்துவம், ஹோமியோபதி இடங்களையும் அரசுப் பள்ளி மாணவர்களுக்குத் திறந்துவிட்டது. உசிலம்பட்டி, மேலூர், பேரையூர்ப் பக்கத்துக் குடும்பத்தில் முதல் பட்டதாரியாக வரும் பிள்ளைக்கு இது பெரிய வாசல்.

ஆனால் நீட் அளப்பது ஒரு மாணவர் சித்த நூல்களை ஆர்வத்தோடு படிப்பாரா என்பதை அல்ல. பாடலாக எழுதப்பட்ட மருத்துவ நூலைப் பிரித்துப் பொருள் காணும் தமிழறிவு அதில் கேட்கப்படுவதில்லை. மூலிகையைக் கண்டால் அடையாளம் சொல்வாரா என்பதும் கேட்கப்படுவதில்லை. விளைவு, சித்தா வகுப்பில் மூன்று வகை மாணவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். வைத்தியக் குடும்பத்திலிருந்தோ சொந்த ஈடுபாட்டாலோ வந்தவர்கள் சிலர். 'டாக்டர்' பட்டம் கிடைத்தால் போதும் என்று வந்தவர்கள் சிலர். இடத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு அடுத்த ஆண்டு மறுபடி நீட் எழுதும் எண்ணத்தில் இருப்பவர்கள் சிலர். மூன்றாம் வகையினர் போய்விட்டால் அந்த இடத்தை ஆசைப்பட்ட ஒருவருக்குக் கொடுக்க முடியாமல் போகிறது.

உள்ளே என்ன படிக்கிறார்கள்

வெளியே பலர் நினைப்பதைவிட முதல் இரண்டு ஆண்டுகள் நெருக்கமானவை. எம்.பி.பி.எஸ்., பி.எஸ்.எம்.எஸ். (சித்தா), பி.எச்.எம்.எஸ். (ஹோமியோபதி) மாணவர் மூவரும் பிணத்தை அறுத்து உடற்கூறு படிக்கிறார்கள், உடலியங்கியல் படிக்கிறார்கள். பிறகு நோய்க்குறியியல், சட்ட மருத்துவம், மகப்பேறு, அறுவை ஆகியவற்றின் பாடங்களும் மூன்றிலும் உண்டு.

பிரிவது சிகிச்சையில். சித்தா மாணவர் வளி, அழல், ஐயம் என்ற மூன்று குற்றங்களை வைத்து நோயைப் பார்க்கப் பழகுகிறார். நாடி, தொடுவுணர்வு, நா, நிறம், மொழி, விழி, மலம், சிறுநீர் என்ற எண்வகைத் தேர்வைக் கற்கிறார். குணபாடத்தில் மூலிகை ஒரு பகுதி. தாது, சீவப் பொருள்கள் இன்னொரு பகுதி. பற்பம், செந்தூரம் செய்முறைகளும் உண்டு. ஹோமியோபதி மாணவருக்கு சாமுவேல் ஹானிமன் 1810இல் வெளியிட்ட 'ஆர்கனான்' அடிப்படை நூல். கூடவே மருந்துக் குணநூல், நோய்க்குறித் தொகுப்பு. எம்.பி.பி.எஸ். மாணவர் இவை எதையும் படிக்காமல் அந்த நேரம் முழுவதையும் மருந்தியலிலும் வார்டுகளிலும் செலவிடுகிறார்.

அறுவை என்ற பாடம் மூன்றிலும் இருக்கிறது. அறுவை அரங்கில் நின்ற நேரம் மூன்றிலும் ஒன்றல்ல. இந்த இடைவெளிதான் பின்னால் நீதிமன்றம் வரை போகிறது.

மதிலின் உயரம்

1996இல் உச்ச நீதிமன்றம் பூனம் வர்மா வழக்கில் தீர்ப்பளித்தது. மும்பையில் ஹோமியோபதி மருத்துவர் ஒருவர் காய்ச்சலில் கிடந்த நோயாளிக்கு நவீன மருந்துகளைத் தந்துவந்தார்; நோயாளி இறந்தார். தான் படிக்காத முறையில் சிகிச்சை செய்வதே கவனக்குறைவு என்று நீதிமன்றம் சொல்லி இழப்பீடு விதித்தது. 1998இல் முக்தியார் சந்த் வழக்கில், இந்திய மருத்துவப் பட்டதாரி நவீன மருந்து எழுதலாமா என்பது அந்தந்த மாநிலச் சட்டம் அனுமதிப்பதைப் பொறுத்தது என்றது. 2010இல் தமிழ்நாடு அரசு ஓர் ஆணை வெளியிட்டது. கல்லூரியில் முறையாகப் படித்துப் பதிவுசெய்த இந்திய மருத்துவப் பட்டதாரிகள், தாங்கள் பெற்ற பயிற்சிக்கு உட்பட்டு நவீன முறைகளையும் கையாளலாம் என்பது அதன் சாரம். 'பயிற்சிக்கு உட்பட்டு' என்பதில்தான் எல்லாச் சச்சரவும் அடங்கியிருக்கிறது. எவ்வளவு பயிற்சி, யார் சோதித்தது என்ற கேள்விக்குப் பட்டச் சான்றிதழில் விடை இல்லை.

2017இல் நாடாளுமன்றத்தில் வந்த தேசிய மருத்துவ ஆணைய மசோதா, மாற்று முறை மருத்துவர்கள் ஓர் இணைப்புப் படிப்பை முடித்து, வரையறுத்த அளவுக்கு நவீன மருந்து எழுதலாம் என்று ஒரு வழி வைத்திருந்தது. எம்.பி.பி.எஸ். மருத்துவர் அமைப்புகள் கொதித்தன; 2018இல் அந்தப் பிரிவு நீக்கப்பட்டது. 2020 நவம்பரில் ஆயுர்வேத முதுநிலை மாணவர்கள் 58 வகை அறுவைகளைக் கற்று, செய்யலாம் என்று அறிவிக்கை வந்தபோது டிசம்பர் 11 அன்று நாடு முழுவதும் இந்திய மருத்துவச் சங்கம் வேலைநிறுத்தம் செய்தது. 2023 ஏப்ரலில் குஜராத் வழக்கொன்றில், ஆயுர்வேத அரசு மருத்துவர்கள் எம்.பி.பி.எஸ். மருத்துவர்களுக்கு நிகரான ஊதியம் கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் கூறியது. அவசரப் பிரிவுப் பணி, சிக்கலான அறுவைகளில் உதவுதல், பிரேதப் பரிசோதனை ஆகியவற்றை எம்.பி.பி.எஸ். மருத்துவர் செய்கிறார், மற்றவர் செய்வதில்லை என்பதைக் காரணமாகக் காட்டியது. அமெரிக்காவில் டி.ஓ.க்கள் வென்றெடுத்ததும் இங்கே மறுக்கப்பட்டதும் ஒன்றுதான்: ஒரே வேலையைச் செய்கிறோம் என்று காட்டி ஒரே உரிமம் பெறுவது.

சான்று சொல்வது

படிப்பைத் தேர்ந்தெடுப்பவர் சட்டத்தோடு அறிவியலையும் பார்க்க வேண்டும். இந்த விஷயத்தில் எல்லா மாற்று முறைகளையும் ஒரே கூடையில் போடுவது தவறு.

ஹோமியோபதி மருந்துகள் மிக மிக நீர்த்தவை. 30சி என்று குறிக்கப்படும் மருந்தில் மூலப்பொருள் 10இன் 60ஆம் அடுக்கில் ஒரு பங்கு. அந்தக் குப்பியில் மூலப்பொருளின் ஒரு மூலக்கூறுகூட இருக்க வாய்ப்பில்லை. 2005இல் லான்செட் இதழில் வந்த ஆய்வு 110 ஹோமியோபதிச் சோதனைகளையும் 110 வழக்கமான மருத்துவச் சோதனைகளையும் ஒப்பிட்டு, ஹோமியோபதியின் விளைவு வெற்று மருந்தின் விளைவுக்கு ஒத்தது என்ற முடிவுக்கு வந்தது. 2015இல் ஆஸ்திரேலியாவின் தேசிய சுகாதார, மருத்துவ ஆராய்ச்சி மன்றமும் நம்பத்தக்க சான்று எதுவும் எந்த நோய்க்கும் இல்லை என்றது. 2017இல் இங்கிலாந்தின் தேசிய சுகாதாரச் சேவை அதைப் பரிந்துரைப்பதை நிறுத்தச் சொன்னது. 2021இல் பிரான்ஸ் அதற்கான செலவை ஈடுசெய்வதை நிறுத்தியது. திருமங்கலத்தில் சேரும் மாணவர் இதை முதல் நாளே அறிந்திருக்க வேண்டும். நோயாளியிடம் நேரம் ஒதுக்கிப் பொறுமையாகக் கேட்கும் பண்பை ஹோமியோபதி மருத்துவர்கள் வளர்த்துக்கொள்கிறார்கள், அது மதிக்கத்தக்கது. அந்தப் பண்பு மருந்துக்குச் சான்றாகிவிடாது.

சித்தாவின் நிலை வேறு. அதில் வேதிவினை கொண்ட உண்மையான மூலிகைகளும் தாதுக்களும் உண்டு. ஆகவே பலனும் சாத்தியம், கேடும் சாத்தியம். டெங்கு காலங்களில் அரசு நிலவேம்புக் குடிநீரை ஊர்தோறும் கொடுத்தது. கொரோனாக் காலத்தில் கபசுரக் குடிநீர். பரவலான பயன்பாடு ஒன்று, முறையான சோதனை மற்றொன்று. பாதரசமும் பாடாணமும் சேர்ந்த மருந்துகளின் பாதுகாப்பை ஒவ்வொரு தயாரிப்பிலும் அளந்து காட்ட வேண்டிய கடமையும் இருக்கிறது. 2010இல் மத்திய சித்த மருத்துவ ஆராய்ச்சி மன்றம் தனியே அமைந்தது. தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் முதுநிலைப் படிப்பு தருகிறது. ஆராய்ச்சிப் பசியுள்ள மாணவருக்குச் சித்தாவில் செய்ய வேண்டியது ஏராளம். நவீன மருந்தியலையும் புள்ளியியலையும் கற்ற சித்த மருத்துவர்கள் இல்லாமல் அது நடக்காது.

விண்ணப்பிக்கும் முன்

எந்தப் படிப்பு உயர்ந்தது என்ற கேள்வியை ஒதுக்கிவிட்டு, ஐந்தரை ஆண்டுக்குப் பிறகு என்ன வேலை செய்ய ஆசை என்று மாணவர் தன்னைக் கேட்டுக்கொள்வது பயன் தரும். பிரசவம் பார்க்க வேண்டும், விபத்தில் வந்தவரைக் காப்பாற்ற வேண்டும், அறுவை நிபுணராக வேண்டும் என்றால் எம்.பி.பி.எஸ்.தான் சச்சரவற்ற சட்டபூர்வமான வழி. அந்த ஆசையோடு சித்தாவிலோ ஹோமியோபதியிலோ சேர்பவர் பின்னால் இரண்டில் ஒன்றைச் சந்திப்பார்: வாழ்நாள் முழுக்கக் குறை, அல்லது படிக்காத மருந்தை எழுதும் தவறு. அவருக்கு இன்னொரு முறை நீட் எழுதுவது வீணல்ல. அதுவும் கைகூடாவிட்டால் செவிலியம், மருந்தாளுமை, இயன்முறை மருத்துவம் போன்றவை உரிமமும் வேலையும் தெளிவாக வரையறுக்கப்பட்ட துறைகள்.

நாட்பட்ட மூட்டுவலி, தோல் நோய், வாழ்க்கைமுறை நோய்களோடு வருபவர்களை ஆண்டுக்கணக்கில் கவனிக்க விருப்பம் இருந்தால், பழந்தமிழ் படிக்கப் பிடிக்கும் என்றால், பி.எஸ்.எம்.எஸ். நல்ல இடம். எம்.பி.பி.எஸ். மருத்துவரிடம் நோயாளியை எப்போது அனுப்ப வேண்டும் என்று தெரிந்துவைத்திருப்பது சித்த மருத்துவரின் முதல் திறமையாக இருக்க வேண்டும். பல ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் அரசு மருத்துவமனைகளிலும் சித்தப் பிரிவுகள் உண்டு. மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் உதவி மருத்துவ அலுவலர்களை எடுக்கிறது. ஆனால் அந்தப் பணியிடங்கள் எம்.பி.பி.எஸ். பணியிடங்களைவிட மிகக் குறைவு என்பதைக் குடும்பம் கணக்கில் கொள்ள வேண்டும். பெரும்பாலோர் சொந்தமாகக் கிளினிக் வைத்துக் காலூன்றியாக வேண்டும். அதற்குப் பொறுமையும் முதலும் தேவை. பெற்றோர் கேட்க வேண்டிய கேள்வியும் இருக்கிறது: கல்லூரி மருத்துவமனையில் ஒரு நாளைக்கு எத்தனை பேர் படுக்கையில் இருக்கிறார்கள்? தனியார் கல்லூரிகளுக்கு, எந்த மருத்துவ முறையானாலும், கட்டணத்துக்கு முன்னால் கேட்க வேண்டியது இதுதான்.

அமைப்பு மாற வேண்டிய இடம்

மாணவருக்குச் சொல்லும் அறிவுரையால் மட்டும் இந்த முரண் தீராது. 2019, 2020 சட்டங்கள் மூன்றும் தத்தம் மருத்துவப் பட்டதாரிகளுக்குப் படிப்பின் முடிவில் ஒரு தேசியத் தகுதித் தேர்வு வைக்க வழி செய்கின்றன. நுழைய ஒரே தேர்வு, வெளியேற மூன்று தேர்வுகள் என்பது சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. அமெரிக்க அனுபவம் எதிர்த்திசையைக் காட்டுகிறது: இரு வாசல்களில் நுழைந்தவர்கள் ஒரே தரத்தில் சோதிக்கப்பட்டு, ஒரே மருத்துவமனைகளில் பயின்று, ஒரே உரிமத்தோடு வெளியே வந்தார்கள்.

அரசு இரண்டில் ஒன்றைச் செய்யலாம். இவை வெவ்வேறு தொழில்கள் என்று சட்டம் சொல்வது உண்மையானால், சேர்க்கையிலும் அப்படியே நடத்த வேண்டும்: சித்தாவுக்கு உயிரியலோடு தமிழையும் தாவரவியலையும் சோதிக்கும் தனித் தேர்வு, எம்.பி.பி.எஸ். கலந்தாய்வுக்குக் காத்திராத தனிக் கால அட்டவணை. இவை ஒரே தொழிலின் படிகள் என்று சேர்க்கைமுறை சொல்வது உண்மையானால், ஏறும் வழியும் இருக்க வேண்டும்: விரும்பும் சித்த, ஹோமியோபதிப் பட்டதாரி பெரிய அரசு மருத்துவமனை வார்டுகளில் ஆண்டுக்கணக்கில் முழுநேரம் பயின்று, எம்.பி.பி.எஸ். மாணவர் எழுதும் அதே தகுதித் தேர்வை எழுதித் தேறினால் அதே உரிமம். சில மாத இணைப்புப் படிப்பு அந்த இடத்தை நிரப்பாது. 2017 மசோதாவின் இணைப்புப் படிப்புப் பிரிவு நீக்கப்பட்டதில், அது போதாது என்ற அச்சத்துக்கும் பங்குண்டு.

இரண்டில் முதலாவதை உடனே செய்யலாம்; சட்டத் திருத்தமும் தேர்வு முறையும் போதும். இரண்டாவதற்குப் பயிற்சி இடங்களும் ஆசிரியர்களும் வேண்டும். எதையும் செய்யாமல் இன்றைய நிலை தொடர்ந்தால், எம்.பி.பி.எஸ். கனவோடு நுழைந்தவரைச் சித்த மருத்துவராக்கி, பிறகு நவீன மருந்து எழுதினார் என்று அவர்மேல் வழக்குப் போடும் அமைப்பாகவே இது இருக்கும். அதன் விலையை அந்த இளைஞர் தன் இருபதுகளில் கொடுக்கிறார். நோயாளி அதற்குப் பிறகு கொடுக்கிறார்.